வாளியில் மிதந்த மிளகாய்ச் செதில்

சூன்ஹியாம் மடம், ஜிரிசான் மலை
14 அக்டோபர் 2003

என் மகன் கிச்சோலுக்கு,

நான் சுகம், முட்டி மட்டும் சுகமில்லை. நார்வேக்காரியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ எழுதியதற்கு என் பதில் இன்னமும் 'முடியாது'தான். என் சம்மதம் இல்லாமல் கட்ட மாட்டேன் என்கிறாயே, அப்படியே காத்திரு.

ஏன் என்று கேட்பாய். சனிக்கிழமை மடத்தில் ஒரு ராத்திரி தங்க வெள்ளைக்காரி ஒருத்தி வந்தாள். கதவு உயரம். நிலைப்படியில் மூன்று தடவை மண்டையை இடித்துக்கொண்டாள். நூற்றெட்டு நமஸ்காரத்தில் அறுபதாவதுக்குக் குப்புற விழுந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். "எழுப்பாதீங்க, அதுவும் நமஸ்காரந்தான்" என்கிறார் பெரிய பிக்குணி!

காலைச் சாப்பாட்டில்தான் கூத்து. இங்கே சாப்பிட்டதும் அவரவர் கிண்ணத்தை முள்ளங்கித் துண்டால் துடைத்துக் கழுவி, கடைசியாக அலசிய தண்ணீரைப் பொது வாளியில் ஊற்றுவோம். அதில் ஏதாவது மிதந்தால் எல்லோரும் பங்கு போட்டுக் குடிக்க வேண்டும். நான் சமையல்கட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் ஒரு பருக்கை மிதந்ததில்லை. அன்றைக்கு ஒரு மிளகாய்ச் செதில் ஜம்மென்று மிதக்கிறது. "யாரோட கிண்ணம்?" என்றார் பெரிய பிக்குணி. எல்லோரும் அவளைப் பார்த்தோம். எழுந்து வந்தாள், வாளியைத் தூக்கினாள், பதினான்கு பேர் அலசிய தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு ஏப்பமும் விட்டாள்!

ஒரு கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவத் தெரியாத ஜாதி. இதில் ஒருத்தியை வைத்துக்கொண்டு நீ என்ன குடித்தனம் நடத்துவாய்?

அம்மா
ஒக்புன்

பெர்கன், நார்வே
27 அக்டோபர் 2003

அன்புள்ள அம்மா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்தக் கதவு உயரக்காரிதான் நான் கட்டிக்கொள்ளப்போகிற யோருன். உங்கள் முகத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று லீவு போட்டு வந்தாள். யார் என்று சொல்லாதே, சொன்னால் அம்மா கதவைத் தாழிட்டுவிடுவார் என்று தடுத்தது நான்தான்.

ஆனால் ஒன்று. மிளகாய் பட்டாலே அவளுக்கு வாய் வீங்கிவிடும். அன்று அவள் கிம்ச்சி ஊறுகாயைத் தொடவே இல்லை. அந்த ஒரு செதிலுக்கே விமானத்தில் வழி நெடுக ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். "அப்புறம் ஏண்டி குடிச்சே?" என்று கேட்டேன். "உங்கம்மா முகம் வெளுத்துப்போச்சு. பாக்க முடியலை" என்றாள்.

இன்னமும் 'முடியாது' என்றால் அதை நீங்களே அவளுக்கு எழுதிவிடுங்கள். என்னால் சொல்ல முடியாது.

கிச்சோல்

சூன்ஹியாம் மடம்
10 நவம்பர் 2003

யோருனுக்கு,

இதைக் கிச்சோல் உனக்குப் படித்துச் சொல்லட்டும். ஒரு வார்த்தையும் விழுங்கக் கூடாது.

அந்தச் செதில் என்னுடையது. மடத்துச் சாப்பாட்டில் எனக்குக் காரம் போதாது. மடியில் ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடி வைத்திருப்பேன், யாருக்கும் தெரியாது. வாளியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒழுங்காக் கழுவுங்க" என்று ஊரையே விரட்டுகிறவள் எப்படி வாயைத் திறப்பேன்? நீ குடித்தாய். அதோடு விட்டேனா, உன்மேலேயே பழி போட்டு என் பிள்ளைக்கு எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, பெண்ணே. மன்னித்துக்கொள்.

பெரிய பிக்குணியிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும். நீ எப்ப வருவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தார். ஒரு வாரம் வாளித் தண்ணீர் முழுக்க எனக்குத்தான். இன்று நாலாவது நாள். நீ எப்படித்தான் ஒரே மூச்சில் குடித்தாயோ!

ஏப்ரலில் இங்கே குளிர் விட்டுவிடும், கல்யாணத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம். சமையல் என்னுடையது. மிளகாய் போட மாட்டேன்.

உன் மாமியார்
ஒக்புன்