விரிசல் விட்ட ஹோஸ்

ஞாயிறு, ஈப்போ.

கோப்பெங் ரோட்டு சிக்னல்ல பழைய காரு குலுங்கி நின்னுருச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து கார்புரேட்டரைக் கழுவியும் சரியாகல. முன்னெல்லாம் என் சம்சாரம் மரகதம் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பா, நான் ஸ்குரூ திருகுவேன். இப்ப மெல்பர்ன்ல பேத்தியைப் பாத்துக்கிறா. அவளுக்குப் போன் போட்டு, சத்தம் கேக்கட்டும்னு எஞ்சின்கிட்ட பிடிச்சேன்.

"காத்து எங்கயோ உள்ள இழுக்குதுங்க. ஹோஸைப் பாருங்க."

எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோற ரப்பர் ஹோஸ்ல விரிசல். மாத்தினேன். சீரா ஓடுது.

சாயங்காலம் கூப்பிட்டா. எஞ்சினை அணைச்சிட்டுத்தான் போனை எடுத்தேன்.

"சரியாயிருச்சா?"

"எங்கலா சரியாச்சு, இன்னும் குலுங்குது."

"அப்ப நாளைக்கும் கேக்க வைங்க."

குப்பைத் தொட்டியிலேருந்து பழைய ஹோஸை எடுத்துத் தொடச்சு வச்சிருக்கேன். காலையில திரும்ப மாட்டணும்.