வராதே என்றதை நம்பியவளுக்கு

நேற்று தகரம் கிழித்த கையோடு ராஜபாளையத்தில் டாக்டரிடம் போனேன். நர்ஸ் புது பேண்டேஜ் சுருளைப் பிரித்ததும் வெளுத்த துணியின் காட்டமான வாடை. அது உன் வாடை. மில் விட்டு வரும்போது உன் தலைமுடியில், சேலையில், நீ நீட்டும் காப்பி டம்ளரில்கூட அது இருக்கும். "ரொம்ப வலிக்குதா?" என்றாள் நர்ஸ். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அழுதேன்.

நீ வத்திராயிருப்பு, நான் சோழபுரம். நம் இரண்டு வீட்டிலும் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நாம்தான். முதல் நாள் மணி அடித்தும் வகுப்புக்குள் போகாமல் வராந்தாவிலேயே நின்றோமே, நினைவிருக்கிறதா? யாராவது வந்து உள்ளே போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தோம். மற்றவர்கள் நம்மை இடித்துக்கொண்டு போனார்கள்.

முதல் வருஷ ரிசல்ட் வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. உனக்கு அக்கவுண்ட்ஸ் மட்டும் போயிற்று. அதே பேப்பரில் ஒரு டாக்டர் மகனும் ஒரு வக்கீல் மகளும் ஃபெயில். மூன்று பேரையும் எழுப்பி நிறுத்தி அக்கவுண்ட்ஸ் சார் சொன்னாராம்: "நாளையில இருந்து காலேஜ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க." அவர்கள் இருவரும் மறுநாள் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திட்டு வேறு, உத்தரவு வேறு என்பது அவர்கள் வீட்டில் தெரியும். நீ வீட்டில் போய், "வர வேண்டாம்னுட்டாவ" என்றாய்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நான் உன்னைத் தேடி வருவதற்குள் பேண்டேஜ் மில்லில் சேர்ந்திருந்தாய்.

"ஏட்டி, அவரு எல்லாரையும் அப்படித்தான் ஏசுவாரு. ரெண்டாம் வருசம் படிச்சுக்கிட்டே அந்தப் பேப்பரத் திரும்ப எழுதலாம்ட்டி!"

"எழுதலாமா?" என்று மெதுவாகக் கேட்டாய். அந்தக் குரலை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அப்பா குறுக்கே வந்தார். "வாத்தியாரே வராதன்னுட்டாரு தாயி. அந்த வாசல்ல போயி நிக்கச் சொல்லுதியா? நமக்கு மானமில்லையா?"

சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவரிடம் ஓடினேன். "எந்தப் பொண்ணு?" என்றார். அடையாளம் சொன்னேன். "அப்படியா சொன்னேன்? சரி, போறவங்க போகட்டும். நீ ஒழுங்காப் படி." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். உன் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

மில்லில் உனக்குப் பெயர் 'காலேஜு'. "ஏட்டி காலேஜு, கழிவுப் பஞ்சைக் கூட்டு" என்று சூப்பர்வைசர் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களாம். நீயும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். அந்தப் பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, மூச்சுக்குத் திண்டாடி, நாற்பதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாய். உன்னைத் தூக்கும்போதும் வாசலில் ஒருத்தி கேட்டாள்: "யாரு, நம்ம காலேஜா?"

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் அதே அக்கவுண்ட்ஸ் நடத்துகிறேன். என் வாயும் நல்ல வாய் இல்லை. கோபம் வந்தால் "எந்திரிச்சு வெளிய போ" என்றுதான் கத்துகிறேன். ஆனால் மணி அடிக்குமுன், ஏச்சு வாங்கியவர்களைப் பார்த்து, "நாளைக்கு வந்துறணும்" என்று சொல்லிவிடுவேன். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். யாராவது ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல், "சரிங்க மேடம்" என்று தலையாட்டும்.

மறுநாள் அந்த முகத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன்.