வந்திருக்கிறது யாரு?

என் ராக்காயி அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் குளிர் எப்படி? இங்கே அட்டனில் மூக்கு விறைத்துப் போகிறது. உன் தம்பி நான் இன்னும் பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்த அன்று "என் தம்பி கண்டாக்கு ஆயிட்டான்" என்று நம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பறைசாற்றினாயே, நினைவிருக்கிறதா? தோட்டத்துக் கண்டாக்கு மலையில் நின்று ஆள் விரட்டுகிற உத்தியோகஸ்தர், நான் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் என்று தெரிந்தபோதும் நீ அசரவில்லை. "அதனால என்னங்குறேன்? இவனும் ஆளுங்கள வெரட்டிக்கிட்டுத்தான இருக்கான்" என்றாய்.

போன வாரம் மஸ்கெலியா போகிற பஸ்ஸில் ஒரு ஜப்பான்கார பிக்கு ஏறினார், அக்கா. சிவனொளிபாத மலைக்குப் போகிறவர். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். அவரோடு வந்த சிங்களப் பையன் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல, நான் அவரைத் துருவ ஆரம்பித்துவிட்டேன்.

அவருடைய மார்க்கத்துக்கு ஜென் என்று பெயராம். நம்முடைய தியானம் என்கிற சொல்தான் சீனம் போய், ஜப்பான் போய், அப்படிச் சுருங்கிவிட்டதாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்களாம்: இதைப் பார்க்கிறது யார், இதைக் கேட்கிறது யார்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா சாமி இம்புட்டுத் தூரம் வந்தீங்க? எங்க தோட்டத்துப் பூசாரி வருசா வருசம் உடுக்கை அடிச்சு இதைத்தான கேக்கிறாரு" என்றேன். அவருக்கும் சிரிப்பு. ஆனால் விடவில்லை. பூசாரி கேட்டால் உங்கள் ஆட்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் உன் கதையைச் சொன்னேன்.

முதலில் அந்தப் புத்தகத்தைச் சொன்னேன். மூளையைப் பற்றி வாசிகசாலையில் படித்துவிட்டு, உன்னிடம் வந்து பெரிய மேதாவிபோல் அளந்தேனே! தேயிலைக் கொழுந்தில் பச்சை கிடையாது, கண்ணில் படுகிற ஒளியை மூளைதான் பச்சை ஆக்கிக்கொள்கிறது என்று. நீ கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப முத்தல் எலைய எடுத்துட்டன்னு கங்காணி வையிறப்ப, அது ஒங்க மூளையிலதான் முத்தலா இருக்குங்கன்னு சொல்லட்டுமாடா?" என்றாய். சிரித்து முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எல்லாத்தையும் மூளைதான் காட்டுதுன்னே வையி. காட்டுறத பாக்கிறது யாருடா?" என்று கேட்டாய். நான் திரும்பவும் வாசிகசாலைக்கு ஓடினேன். அந்தப் புத்தகத்தை எழுதியவரே கடைசிப் பக்கத்தில் தனக்குத் தெரியாது என்றுதான் எழுதியிருந்தார்.

பிறகு அந்தத் திருவிழா. பக்கத்துத் தோட்டத்தில் அம்மை கண்டிருந்தது. ஊசியோடு வந்த யாழ்ப்பாணத்து மருந்து ஐயாவை நம் சனம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அம்மை குத்திக்கொண்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், திருவிழாவில் ஆத்தாவிடமே கேட்போம் என்றார்கள். ஆத்தா என்றால் யார்? கரகம் புறப்படும்போது வருஷா வருஷம் உன்மேல்தான் அவள் இறங்குவாள். மருந்து ஐயா உன்னைத் தேடி லயத்துக்கே வந்தார். "பிள்ளை, சாமி வந்த மாதிரி ஒரு சொல்லுச் சொன்னால் காணும். சனம் தானா வந்து நிக்கும்" என்றார். நல்ல மனுஷன், அவர் கேட்டதில் சூது இல்லை. நீ உன் கைப்பிள்ளை புஷ்பத்துக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "பாப்பங்கய்யா" என்று மட்டும் சொன்னாய்.

உடுக்கை அடித்தார்கள். வேம்பு வளராத நம் மலைக்கு மாத்தளையிலிருந்து வந்த வேப்பிலையை உன் கையில் கொடுத்தார்கள். நீ ஆடவில்லை. உடுக்கை ஏறிக்கொண்டே போகிறது, நீ நிற்கிறாய். பூசாரிக்கு வியர்த்துவிட்டது. "வந்திருக்கிறது யாரு?" என்று அதட்டினார். நீ வேப்பிலையைக் கீழே வைத்தாய்.

"நாந்தாங்க. ராக்காயி."

உடுக்கை நின்றுவிட்டது, அக்கா. "ஆத்தா இன்னைக்கு வரல. வந்தான்னு சொன்னா நீங்க நம்புவீங்க, ஆனா அது பொய்யி. நான் சொல்றேன், ராக்காயி சொல்றேன். எம்புள்ளைக்கு நான் குத்திக்கப் போறேன். வாறவங்க வாங்க." சாமி குத்தம் என்று ஒருவன் கத்தினான். நான் உனக்காக முன்னால் வராமல் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். நீ திரும்பியே பார்க்கவில்லை. கோயிலடியில் நின்ற மருந்து ஐயாவிடம் போய், புஷ்பத்தின் சட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினாய். பிள்ளை வீரிட்டு அழுதது. கங்காணி பெண்சாதிதான் முதலில் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உன் பின்னால் வந்து நின்றாள். பொழுது சாய்வதற்குள் பாதி லயம் வந்துவிட்டது. மறுநாள் மீதியும் வந்தது. நம் பிள்ளைகள் ஒன்றுக்குக்கூட அம்மை முத்துப் போடவில்லை.

அதற்குப் பிறகு ஆத்தா உன்மேல் இறங்கவே இல்லை. கரகத்துக்கு உன்னைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அது உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், திருவிழா நாளில் நீ வேண்டுமென்றே துணி துவைக்கப் போய்விடுவாய். அப்படி ஒரு நாள் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில்தான் கேட்டேன்: அதற்கு முன்னால் ஆடியதெல்லாம் பாவனையா?

"சீ! பாவனை இல்லடா. அப்பல்லாம் நான் இல்ல. அன்னைக்கு நான் இருந்தேன். இருக்கிறப்ப இல்லைன்னு எப்படிடா சொல்றது?"

இதை அந்தப் பையன் ஜப்பான் பிக்குவிடம் சொல்லி முடித்ததும் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். பிறகு, உன் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கரப்பத்தனைப் பக்கம் கையைக் காட்டினேன். மனுஷன் அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு, நெற்றி மண்ணில் பட உன்னைக் கும்பிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மி, "அது எங்கக்கா! எங்கக்காவத்தான் கும்புடுறாரு!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திவிட்டேன்.

இன்னொரு சேதி. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ கண்மூடியபோது இடுப்பளவு இருந்த உன் மகள் புஷ்பம் இப்போது உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். தோளில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. இந்தப் பங்குனித் திருவிழாவுக்கு அவளே வேப்பிலை பிடிக்கட்டும் என்று பூசாரி வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். உன்னைக் கூப்பிடாத அதே ஆள்! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. புஷ்பத்துக்குப் பயம். "மாமா, சாமி வராட்டி நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

"வந்தா ஆடு. வராட்டி ஒம்பேரச் சொல்லு" என்றேன்.

அன்றைக்கு லீவு போட்டாகிவிட்டது, அக்கா. முன்வரிசையில் நிற்பேன். பூசாரி கேட்கட்டும். ஆத்தா வந்தால் எல்லோரோடும் சேர்ந்து நானும் விழுந்து கும்பிடுவேன். வராமல், அவள் நிமிர்ந்து நின்று "நாந்தாங்க, புஷ்பம்" என்று சொன்னால், அன்றைக்கு உனக்காக நான் திறக்காத வாயை இந்த முறை திறப்பேன். மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொல்வேன்: ஆமா, ராக்காயி மக!

என்றும் உன் சொல்லைச் சுமக்கும்,
உன் கூடப்பிறந்த பஸ் கண்டாக்கு,
தம்பி கருப்பையா