இல்லாத வட்டத்தின் உறுப்பினர்கள்

மார்ச் 30, திங்கள்

விடிந்தது முதல் மழை. அப்பாவின் ரயில்வே ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றின் கீழ் வாளி, இன்னொன்றின் கீழ் என் பெட்டி. விடுமுறைக்குப் புலாவ் செபாங் வந்து மூன்று நாள். செய்ய வேண்டியவை: முடிவெட்டு. பொருளாதாரக் கட்டுரை. கடைவாய்ப் பல்.

பதினொரு மணிக்குத் தபால். சிங்கப்பூரிலிருந்து, விடுதியில் என் அறையில் இருக்கும் ரகு. உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசை தாராளம். உள்ளே நாலே வரி: வார்டன் அலுவலகத்துக்குப் போலீஸ் வந்தது. அண்ணன்-தம்பித் திட்டப் பாரங்களை எல்லாம் உட்கார்ந்து வாசித்தார்கள். உன் தம்பியின் பாரத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். இங்கே நல்ல வெயில்.

எங்கே இடறினேன் என்று எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

திட்டம் இது: மூத்த மாணவன் ஒவ்வொருவனுக்கும் புதிதாகச் சேர்ந்த ஒருவன் தம்பி. தம்பிக்குத் தைரியம் சொல்ல வேண்டும், நூலகம் காட்ட வேண்டும், மாதம் ஒரு பாரம் நிரப்பி வார்டனிடம் தர வேண்டும். முதல் இரண்டையும் யாரும் சரிபார்ப்பதில்லை. என் தம்பி அருளப்பன். ரெம்பியா பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம், அங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் மகன். உபகாரச் சம்பளத்தில் படிப்பு. வாய் திறக்க மாட்டான். பாரத்தில் ஆறாவது கட்டம், 'பிற ஈடுபாடுகள்'. இரண்டு மாதம் காலியாக விட்டேன். வார்டன் கூப்பிட்டு, இது அவன் குறையா உன் குறையா என்றார். மூன்றாம் மாதம் எழுதினேன்:

'புதன்தோறும் தன் அறையில் விவாத வட்டம் நடத்துகிறான். உறுப்பினர் பதினொருவர். கூலி, நிலம், ஆசியாவின் எதிர்காலம். அமைதியானவன், ஆனால் அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள்.'

'அமைதியானவன்' உண்மை. மீதி, கட்டத்தின் அளவு பெரிதாக இருந்ததால். ரகுவுக்கு வாசித்துக் காட்டியபோது இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். வார்டன் பாராட்டினார்.

மதியம் வாளியை இரண்டு முறை கொட்டினேன்.

மார்ச் 31, செவ்வாய்

மழை விட்டது. பத்து மணிக்குச் சைக்கிளில் ஒருவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. டிடெக்டிவ். அப்பா நாற்காலியைத் துடைத்தார். அம்மா காப்பி போட்டாள். நான் நாளிதழை மடியில் போட்டுக்கொண்டேன்.

"பயப்படாதீங்க தம்பி. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. படிச்ச பிள்ளைங்க இப்படி எழுதிக் குடுத்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம் லா."

என்னைக் கைதுசெய்ய வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார். எழுதிக் கொடுத்தவனைச் சந்தேகிக்கும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

அருளப்பனைக் கூப்பிட்டு விசாரித்தாயிற்றாம். அப்படி ஒரு வட்டமே இல்லை என்கிறானாம். அழுத்தக்காரன் என்றார். சனிக்கிழமை அவன் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பதினொரு பேரின் பெயரோடு வர வேண்டும். வராவிட்டால், அல்லது பெயர் இல்லாமல் வந்தால், உள்ளே. கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட எமர்ஜென்சி சட்டத்தில் கோர்ட்டு, வக்கீல் எல்லாம் அவசியமில்லை என்று, நல்ல செய்திபோல் சொன்னார்.

அந்த அரைமணி நேரத்தில் நான் பேசியவை, முழுமையாக: "ஆமா." "சரிங்க." "இன்னும் கொஞ்சம் சீனி?"

அவர் போனதும் அப்பா பிளாட்பாரத்துக்குப் போய், அரசாங்கம் தம் மகனிடம் யோசனை கேட்டதாகச் சிக்னல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 1, புதன்

வழிகள்.

1. பேசாமல் இருப்பது. எனக்கு ஆபத்தில்லை. நற்பெயரும் உண்டு.
2. வார்டனுக்குக் கடிதம். சனிக்குள் போய்ச் சேராது. வழியில் பிரித்துப் படிப்பவர்களுக்கு வேறு வேலை வைத்த மாதிரி.
3. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எழுதியது பொய் என்று சொல்வது. பொய்த் தகவலுக்கு எத்தனை வருடம்? அப்பாவிடம் பொதுவாகக் கேட்டேன். யாருக்கு என்றார். யாருக்குமில்லை என்றேன்.

நாலாவது வழி வரவில்லை. முடி வெட்டிக்கொண்டேன். கழுத்தில் கத்தி பட்டபோது துள்ளிவிட்டேன். பார்பர் ஐயா, படிப்பு அதிகமானால் நரம்பு இப்படித்தான் என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

ரெம்பியா பஸ். இரண்டு இடத்தில் சோதனை. இறங்கு, அடையாளக் கார்டைக் காட்டு, கையைத் தூக்கு, ஏறு. ஒரு அம்மாளின் தூக்குச்சட்டியில் இருந்த சோற்றைச் சாலையோரம் கொட்டச் சொன்னார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம்: "சோறு கொண்டு போகக் கூடாதாம். பசியைக் கொண்டு போலாமாம்."

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டில் பெயர், கார்டு எண், வந்த காரியம். 'நட்பு' என்று எழுதினேன். காவல்காரர் அதை இரண்டு முறை வாசித்தார்.

டிரெஸ்ஸர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணன் வந்துவிட்டார், இனி சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னார். அருளப்பன் ஆஸ்பத்திரிப் பின்னறையில் துணிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரே சுருளைத் திரும்பத் திரும்ப.

"யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கண்ணே. பேப்பரக் காட்ட மாட்டேங்கறாங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரூமுக்கு யார் யாரு வருவாங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர்தான் வருவாருன்னு சொன்னேன். பேரு கேட்டாங்க. சொல்லல."

யார் அது என்று கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

"நீங்கதான். மூணு தடவ வந்தீங்க. நீங்க ஏண்ணே மாட்டணும்?"

மூன்று தடவையும் பாரத்தோடு போயிருந்தேன். மூன்றாம் தடவை உட்காரவில்லை. வாசலில் நின்று அவனுடைய உயரம், எடை கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.

என் பெயரை மறைப்பதற்காக அவனை அழுத்தக்காரன் என்கிறார்கள். அந்தப் பெயர் அவர்கள் கையில், என் கையெழுத்தோடு இருக்கிறது. இதைச் சொல்ல வாய் திறந்தேன். அவன் அம்மா தேநீர் கொண்டுவந்தாள். குடித்தேன். நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. வேதக்காரர்கள் கோயிலுக்குப் போகிறார்கள். பாவத்தைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கூண்டு உண்டு, முகம் தெரியாதபடி பலகை அடித்து. எனக்குப் பலகை இல்லாத இடம்தான்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுருட்டி மூலையில் வைத்தார். பிறகு, "உனக்கு எதுக்குடா அந்த எழுத்து?" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் என் வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். காலரை மூன்று தடவை தேய்த்தார்.

சட்டை ஆறியதும் அடையாளக் கார்டை அதன் பையில் வைத்தேன்.

ஏப்ரல் 4, சனி

டவுன் பஸ் நிறுத்தம். பெஞ்சு. பென்சில். வெயில்.

காலை பத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நல்ல ஆங்கிலம். மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை எனக்கே நம்பிக்கை குறைந்தது. ஏன் எழுதினாய் என்றார். கட்டம் காலியாக இருந்தது என்றேன். சிரிக்கவில்லை. தம் மேசையில் இருந்த பாரத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா, எனக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி.

முடிவு: அருளப்பன் போகலாம். நான் திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பதில் வரும்வரை என் ஐ.சி. கார்டு அவரிடம். கார்டு இல்லாமல் சோதனையைத் தாண்டி எப்படி வீட்டுக்குப் போவது என்றேன். சீட்டு எழுதித் தரலாம், எழுதும் ஆபீஸ் கிராணி இன்று லீவு என்றார். லாட்ஜில் தங்கவும் கார்டு வேண்டும். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு வெளியே நிற்பவனைச் சுடலாம்.

அருளப்பன் ரெம்பியா பஸ்ஸுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுதியது நான்தான் என்று சொன்னேன். ஒரு பஸ் வந்து போயிற்று. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும்.

"அந்தப் பதினோரு பேரு," என்றான். "என்னண்ணே பேசுவாங்க?"

தெரியாது, அதுவரை யோசிக்கவில்லை என்றேன். தலையாட்டினான். தனக்கு நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்றான். ஒரு துரை எத்தனை ஏக்கரைக் காலால் நடந்து பார்ப்பார் என்று அவன் அப்பா சொல்லும் கதை ஒன்று. முழுக்கச் சொன்னான். இத்தனை மாதத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மூன்று மணி பஸ் போயிற்று. நாலரை போயிற்று. ஏறு என்றேன். கூட்டமா இருக்குண்ணே என்றான். உள்ளே ஏழு பேர்.

5.20. இதுதான் கடைசி ரெம்பியா பஸ். கண்டக்டர் மணியடித்து, யாராவது ஏறுகிறீர்களா என்று கேட்கிறார். போடா, உன் அம்மா காத்திருப்பாள் என்று அதட்டினேன். அருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பெஞ்சின் மேல் மடக்கி உட்கார்ந்துகொண்டான்.