ஸ்டெப்னி உள்ள கார்

நாரக்கூர்ட்,
பிப்ரவரி 18.

அன்புள்ள ரோண்டாவுக்கு,

க்ளெனிஸ் எழுதுகிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது உன் தங்கை மகள் தானியாதான் என்று தெரியும். தானியா கண்ணு, இதில் திட்டு நிறைய வரும், ஒன்றைக்கூட விடாமல் படி. நான் யாரையாவது திட்டுவதைக் கேட்டால்தான் உன் பெரியம்மாவுக்கு சூப் உள்ளே இறங்கும்.

ரோண்டா, நேற்று நான் கார் வாங்கப் போனேன். போன இடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேள்.

மாக்ஸ் போய் அடுத்த மாதம் ஒரு வருடம் ஆகிறது. அந்த விபத்தில் அவரோடு எங்கள் வண்டியும் போயிற்று. அன்றிலிருந்து நான் எங்கே போகவேண்டுமானாலும் டீன்தான் வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். நல்ல மகன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரொட்டி வாங்கக்கூட மகன் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்கிற பிழைப்பு எனக்குச் சரிப்படவில்லை. கொட்டகைக் கூரை முழுக்க மாக்ஸ் சோலார் பலகைகள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் மின்சாரக் கார்தான் என்று முடிவு செய்து, குளிர்காலம் முழுக்கப் படித்துப் பார்த்து, கடைசியில் இரண்டு கார்களில் வந்து நின்றேன். இரண்டும் நடுத்தர அளவு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நீலம், ஒன்று சாம்பல் நிறம். மவுண்ட் கேம்பியரில் ஒரே கடையில் இரண்டும் இருந்தன.

அங்கே லாக்லன் என்று ஒரு விற்பனைக்காரன். தாடியை நன்றாகச் சீவியிருந்தான். வந்ததும் டீனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்னைப் பார்த்து ஒரு புன்னகை, அவ்வளவுதான். அப்புறம் டீனிடம் கேட்கிறான்: “அம்மா தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவாங்க சார்?” நான் இரண்டு பேருக்கும் நடுவில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன், ரோண்டா. கண்ணில் படாமல் போக நான் என்ன கொசுவா?

டீனாவது “அவங்களையே கேளுங்க” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “கடை, டாக்டர், பந்து உருட்டுற கிளப். அவ்வளவுதான்” என்றான். என் எஞ்சிய ஆயுளை மூன்று வார்த்தையில் முடித்துவிட்டான்.

“அப்போ நீலம்தான் சார் கரெக்ட். சீட் உயரம். அம்மா ஏறி இறங்கும்போது முட்டி வலிக்காது” என்றான் லாக்லன். என் முட்டியைப் பற்றி அவனிடம் யார் பேசியது?

சரி என்று நீலத்தை ஓட்டிப் பார்த்தேன். நியாயத்தைச் சொல்லவேண்டும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகிறது. ஆனால் வாய் ஓயாத வண்டி. ரோட்டில் போட்ட கோட்டைச் சக்கரம் லேசாகத் தொட்டால் கத்துகிறது. பக்கவாட்டில் திரும்பினால் ரோட்டைப் பார் என்கிறது. ஒரு கொட்டாவி விட்டேன், உடனே திரையில் காப்பிக் கோப்பை படம் போட்டு ஓய்வெடுக்கச் சொல்கிறது. நீயும் நானும் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியிருக்கிறோம். மூடுபனியில், சரளைக்கல் ரோட்டில், குறுக்கே கங்காரு பாய, பின்னால் முப்பது பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ள. ஒரு பிள்ளையின் மூக்கிலாவது கீறல் விழுந்ததா? எனக்கு இந்தத் திரை பாடம் நடத்துகிறது!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீனுக்கோ அந்தத் திரைதான் பிடித்துவிட்டது. “பாருங்கம்மா, நீங்க எங்க இருக்கீங்கன்னு என் போன்லயே தெரியும். நாம ஒரு எல்லை குறிச்சு வெச்சா, நீங்க அதைத் தாண்டின உடனே எனக்கு மணி அடிக்கும்” என்று காட்டினான்.

“வேலி தாண்டுற ஆடாடா நான்?” என்று கேட்டேன். 

கடைக்குத் திரும்பியதும் அடிலெய்டில் டீச்சராக இருக்கும் என் மகள் கெரின் போனில் வந்தாள். அண்ணனும் தங்கையும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், அது பிறகுதான் புரிந்தது. டீன் போனை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். கடை முழுக்கக் கேட்கிறது. “அம்மா, எதுக்கு வீணா யோசிக்கிறீங்க? நீலத்தை எடுத்துக்கோங்க. சாம்பல் ரொம்ப தூரம் போகும்னா போகட்டும், நீங்க எங்க போகப்போறீங்க?”

“ஸ்ட்ரீக்கி பே” என்றேன். “ரோண்டாகிட்ட.”

 தாடியைத் தடவிக்கொண்டிருந்த லாக்லன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். அது மாநிலத்தின் மறுகோடியில், ஆயிரம் கிலோமீட்டர் தூரம் என்று அவனுக்கும் தெரியும்.

“அவ்வளவு தூரம் தனியாவா? ஏப்ரல் லீவுல நானே உங்களை பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்மா” என்றாள் கெரின்.

ஏப்ரலாம்! போன வாரம் தானியா என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடையில், அந்த விற்பனைக்காரன் முன்னால் சொல்வதாகவும் இல்லை. “ஏப்ரல் சரிவராது” என்று மட்டும் சொன்னேன். அதற்கு என் மகள், எங்கிருந்துதான் இந்த ஞானம் வந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவங்களை அப்படிப் பார்க்கணுமாம்மா? பழைய முகமே மனசுல இருக்கட்டுமே” என்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனை எடுத்து நீலக் காரின் கண்ணாடியில் வீசியிருப்பேன். “பழைய முகத்தைப் பார்க்கவா நான் போறேன்? அது என் ஆல்பத்துல இருக்கு. இப்ப இருக்கிற ரோண்டாவைப் பார்க்கணும் எனக்கு. நீ வகுப்புக்குப் போ” என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

பிறகு லாக்லனைப் பார்த்துச் சொன்னேன்: “தம்பி, இனிமே என்கிட்ட பேசு. நீலத்துல ஸ்டெப்னி எங்க இருக்கு?”

பின்கதவைத் திறந்தான். தரைப் பலகையைத் தூக்கினான். உள்ளே ஒரு பசை டப்பாவும் கையளவு பம்பும். “பஞ்சர் ஆனா இதை ஊத்தி, காத்தடிச்சு, பக்கத்துல இருக்கிற ஊருக்குப் போயிடலாம்மா.”

“டயரோட பக்கம் கிழிஞ்சா?”

“வண்டியை வரச்சொல்லி ஏத்திட்டுப் போகலாம்.”

“கிம்பாவுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத ரோட்டுல எந்த வண்டிப்பா வரும், எப்ப வரும்?” என்று கேட்டேன். விழித்தான். பாவம், நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவன். சாம்பல் காரில் முழு அளவு ஸ்டெப்னி இருந்தது, கூடவே ஜாக்கியும். சீட் மரக்கட்டை மாதிரி. திரை சின்னது. ஆனால் சார்ஜ் சீக்கிரம் ஏறுகிறது, நிறைய தூரம் தாங்குகிறது. “இதுதான்” என்றேன்.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. நீலம் அன்றைக்கே கிடைக்குமாம். சாம்பல் கப்பலில் வரவேண்டுமாம், ஆறு வாரம் ஆகுமாம்.

ஆறு வாரத்தில் ஏப்ரலே வந்துவிடும், ரோண்டா. நீலத்தையே எடுத்துத் தொலைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற சாம்பல் கார் வெளியே நிற்பது கண்ணில் பட்டது. நேராகப் போய் அதில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். “இதைக் கொடு” என்றேன். அது விற்பனைக்கு இல்லை என்றான். “அப்போ நானும் இறங்குறதா இல்ல” என்றேன். டீன் தலையில் கை வைத்துக்கொண்டான். வந்தவர் போனவர் எல்லாம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் மேனேஜர் வந்தாள். ஜோடி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். என்னிடமே குனிந்து, “எதுக்கு இவ்வளவு அவசரம்?” என்று கேட்டாள். கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம் சொன்னேன். அவள் லாக்லனைத் திரும்பிப் பார்த்து, “பேப்பரை எடுத்துட்டு வா” என்றாள். காரில் ஒரு பக்கம் நீளமாகக் கீறல் இருக்கிறது. வேறு ஒரு குறையும் இல்லை.

டீன் வண்டியில் வீடு திரும்பினோம்.  “அப்பா இருந்திருந்தா” என்று வழியில் அவன் ஆரம்பித்தான். “அப்பா இருந்திருந்தா பக்கத்து சீட்ல உக்காந்து சாண்ட்விச் பிரிச்சுக் கொடுத்திருப்பார்” என்றேன். பெனோலா தாண்டி, திராட்சைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, “அன்னைக்கு ரோட்டோரத்துல அப்பாவைப் பார்த்தது நான்தாம்மா. நீங்க பார்க்கல” என்றான்.

இந்தப் பதினோரு மாதத்தில் அவன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, அந்த எல்லையையும் மணியையும் நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஆனாலும் சொன்னேன்: “சார்ஜ் போடுற ஒவ்வொரு ஊர்லயும் உனக்குப் போன் பண்றேன். ஆனா நீயா எனக்கு எல்லை குறிக்காதே.” தலையாட்டினான். இன்று காலை டயருக்குக் காற்றடிக்கிற கருவியோடு வந்து நின்றான்.

கார் வியாழக்கிழமை கைக்கு வருகிறது. வெள்ளி காலை கிளம்புகிறேன். முதல் நாள் ராத்திரி போர்ட் அகஸ்டாவில் தங்கல். மறுநாள் கிம்பாவில் சார்ஜ் போட்டு, பேக்கரியில் ஒரு மீட் பை சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் உன் வாசலில் ஹார்ன் அடிப்பேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் இது வந்துவிடும் என்று தபாலாபீஸ் பெண் அடித்துச் சொல்கிறாள். தானியா, எனக்கென்று எதுவும் சமைக்காதே. காருக்குச் சார்ஜ் போட, கொட்டகை வரைக்கும் நீளுகிற ஒயர் மட்டும் எடுத்து வை.

ரோண்டா, நீ பேசவேண்டாம். எழுந்து உட்காரவும் வேண்டாம். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் திட்டையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கர்த்தர் உன் ராத்திரிகளை லேசாக்கட்டும். காலையில் டிப்போவிலிருந்து எப்போதும் நீதான் எனக்கு முன்னால் வண்டியை எடுப்பாய், ஒரு நாளும் எனக்காக நின்றதில்லை. அதற்காக நான் உன்மேல் கோபப்பட்டதும் இல்லை. இந்த ஒரு தடவை, என் தங்கமே, நான் வந்து சேரும்வரை கிளம்பிவிடாதே.

உன்,
க்ளெனிஸ்