மலாக்கி வீட்டுக் குழாய்த் தண்ணீர்

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. மேல் வயல் குளமாகிவிட்டது. ஆடுகளைக் கல்வேலிக்கு இந்தப் பக்கம் ஓட்டிவந்தேன்.

எனக்கு எழுத்து வராது. மகன் பெர்த்திலிருந்து அனுப்பிய இந்தப் போன், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறது. "அம்மாவோட மருந்து விவரமெல்லாம் அன்னன்னைக்குச் சொல்லி வச்சிடுப்பா, மறந்துடும்" என்றான். யாருக்கு? அவன் ஞானஸ்நானத்தன்று எந்த அத்தை எந்தத் தொப்பி போட்டு வந்தாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

என் மனைவி டெலியாவின் ரத்தப் புற்று அடங்கிவிட்டது. மருந்து நிற்கவில்லை. அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடுகிறதாம். அதனால் அவளுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும்தான். பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்துப் பண்ணை மலாக்கி வீட்டில் பூசை. ஃபாதர் அடுக்களை மேசையிலேயே பூசை வைப்பார், ஊரே வந்து முட்டிபோடும், அப்புறம் தேநீர், ரொட்டி, கொஞ்சம் விஸ்கி. இலையுதிர் காலத்தில் ஒரு வீடு, வசந்தத்தில் ஒரு வீடு. அடுத்த முறை எங்களுடையது. மலாக்கி சுவருக்கு வெள்ளையடித்தான், கேட்டுக்கு அடித்தான். விட்டால் பசுவுக்கும் அடிப்பான்.

அக்டோபர் 11, வெள்ளி

பூசை முடிந்து வந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி மலைபோல. மலாக்கியின் மனைவி அட்ராக்டா உட்காரவே இல்லை.

டெலியா தன் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டாள். "எடுத்துக்கோயேன்" என்றேன். "பூசை வீட்டுக்குச் சொந்தத் தண்ணி தூக்கிட்டுப் போறதா? அட்ராக்டா மூஞ்சியில துப்புன மாதிரி இருக்கும்" என்றாள். மாத்திரை நேரம் வந்தபோது அட்ராக்டாவே கவனித்து, குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். நல்ல டம்ளர், கல்யாணத்துக்கு வந்தது.

ஒன்று மட்டும் வேடிக்கை. மலாக்கி விஸ்கியில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுகிறவன். இன்று வெறும் விஸ்கியாகவே குடித்தான். ஃபாதர் முன்னால் ஆண்பிள்ளை என்று காட்டினானோ?

அக்டோபர் 14, திங்கள்

கதவடியில் நோட்டீஸ். டெலியா வாசித்தாள். ஊருக்கெல்லாம் குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீரில் கிருமி. காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கீழே மலாக்கியின் கையெழுத்து, தண்ணீர்ச் சங்கத் தலைவர் என்று.

அக்டோபர் 18, வெள்ளி

டெலியாவுக்கு வயிற்றுப்போக்கு. இரவெல்லாம். கீழ்த்தெருவில் இரண்டு குழந்தைகளுக்கும் அப்படியே. குழந்தைகள் தாங்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கை காகிதம்போல் இருந்தது. "ஆட்டைப் பாத்துக்கோ" என்றாள். ஆடாம், ஆடு.

அக்டோபர் 24, வியாழன்

கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். இளம் பெண். ஈர பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு அடுக்களையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். டெலியாவின் மலத்தில் இருந்ததும் ஊற்றில் இருந்ததும் ஒரே கிருமியாம். மாட்டுச் சாணத்திலிருந்து வருகிறது. அதற்கு ஓடு மாதிரி ஒன்று இருப்பதால் குளோரின் அதைத் தொடுவதில்லை.

"எங்க தண்ணி மலை வடிகட்டிக் குடுக்கிற தண்ணிம்மா" என்றேன்.

"கொல்மன், உங்க மலை சுண்ணாம்புக்கல். உள்ள முழுக்க ஓட்டை. மேல ஒரு குழியில விழுற மழை, மறுநாளே கீழ ஊத்துல வந்துடும். வடிகட்டுறதுக்கு அங்க மண்ணு எங்க இருக்கு?"

சண்டை போடத் தோன்றவில்லை. மேல் வயல் தண்ணீர் ஓரிரவில் காணாமல் போவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பூசையன்று குடித்த அந்த ஒரு டம்ளரைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமையா? நோட்டீஸ் அதுக்கு முன்னாடியே வந்திருக்கணுமே."

"திங்கக்கிழமைதான் வந்தது."

"வியாழக்கிழமை காலைல நானே உங்க தலைவருக்குப் போன் பண்ணினேன். அன்னைக்கே வீடுவீடா போட்டாச்சுன்னு அவர் சொன்னாரே."

வியாழன். பூசைக்கு முந்தின நாள்.

வெறும் விஸ்கி. அட நாயே. வெறும் விஸ்கி!

அக்டோபர் 25, வெள்ளி

மலாக்கியிடம் போனேன். தொழுவத்தில் இருந்தான்.

"தெரியுமாடா உனக்கு? தெரிஞ்சேதான் எல்லாரையும் உக்கார வச்சியா?"

முதலில் மழை பற்றிப் பேசினான். பிறகு கவுண்டிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவார்கள் என்றான். நான் நகரவில்லை.

"என்னடா பண்ணச் சொல்ற? ஊரே வீட்டுக்கு வருது. ஃபாதர் பூசை வைக்கிற சுவர்ல 'இந்த வீட்டுத் தண்ணியைக் குடிக்காதே'ன்னு ஒட்டச் சொல்றியா? அவ ஒரு மாசமா முட்டி தேயத் துடைச்ச வீடு. டீ எல்லாம் கொதிச்சதுதானே! கொதிச்சதைத்தானே குடுத்தேன்!"

"டெலியாவுக்கு?"

"அவ பாட்டில் கொண்டு வருவான்னு நெனச்சேன்."

"நீ எங்க இருந்த அப்போ? குழாய்ப் பக்கத்துலதான நின்ன? உன் பொண்டாட்டி டம்ளர்ல பிடிக்கிறதைப் பாத்துட்டுத்தான நின்ன?"

சாணம் வாரும் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அடுக்களை ஜன்னலில் அட்ராக்டா எனக்குக் கையசைத்தாள், தேநீர் போடட்டுமா என்று. அவளுக்கு எதுவும் தெரியாது. கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதையும் சொல்லி வைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில், கிருமியைக் கொல்ல விளக்கு ஒன்று வைக்கலாம், தண்ணீர் அதன் வழியாக ஓடும் என்று பேச்சு வந்தது. "நம்ம தண்ணிக்கு எதுக்கு விளக்கு? இருட்டுன்னா பயமா அதுக்கு?" என்றான் மலாக்கி. கூடம் முழுக்கச் சிரித்தது. தீர்மானம் செத்தது. பச்சைச் சட்டை போட்டிருந்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கொல்மன், மலாக்கி உடைஞ்சு போயிருக்கான். ஊர் ரெண்டுபட வேண்டாமே."

"டெலியா எடை பாதியாயிடுச்சு ஃபாதர். அவ பாதியானா பரவாயில்ல, ஊர் ரெண்டாகக் கூடாதா?"

"மன்னிப்புன்னு ஒண்ணு இருக்குப்பா."

"அவன் கேக்கட்டும், பாக்கலாம். இன்னும் கேக்கலையே."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெலியாவும் அதையே சொல்கிறாள். "அட்ராக்டாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவா. பேசாம இரு." ட்யூப் சொருகிய கையோடு படுத்துக்கொண்டு இவள் அட்ராக்டாவுக்காகக் கவலைப்படுகிறாள். என்ன ஜனம் இது? சாகக் கிடந்தாலும் அடுத்த வீட்டுக்காரி மூஞ்சி கோணக் கூடாது. பாட்டிலைக் காரில் விட்டதும் அதற்குத்தான், நோட்டீஸை அவன் அமுக்கியதும் அதற்குத்தான். ஆனால் ரெண்டும் ஒன்றா? ஒன்றில்லை. இவள் தன் உயிரை வைத்து மரியாதை செய்தாள். அவன் இவள் உயிரை வைத்துச் செய்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடிப்படி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே போட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

சங்கக் கூட்டம். டெலியாவிடம், போகிறேன், ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன் என்றேன். "தொப்பியைப் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தில் இடமில்லை. அட்ராக்டா வழக்கம்போலப் பின்னால் தேநீர் கொதிகலன் பக்கத்தில். மலாக்கி அறிக்கை வாசித்தான். "இலையுதிர் காலத்தில் ஏற்பட்ட சிறு தடங்கல்" என்று ஒரு வரி வந்தது. சிறு தடங்கல்!

எழுந்தேன்.

"உனக்கு என்னைக்குச் சொன்னாங்க, மலாக்கி?"

"அந்த வாரத்துலதான்."

"என்னைக்கு?"

"தேதியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. உன்னை மாதிரி தலையா எனக்கு?" ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து அட்ராக்டா கேட்டாள். "என்னைக்கு, மலாக்கி?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"வீட்டுலதான நான் அந்த டம்ளரைக் குடுத்தேன். இங்க சொல்லு."

மலாக்கி அறிக்கைத் தாளை நாலாக மடித்தான்.

"வியாழக்கிழமை" என்றான்.

அட்ராக்டா கொதிகலனை அணைத்தாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் வரிசைக்கு வந்து, என் தோளில் கையை வைத்தாள். மழையில் நடந்தே போனாள்.

பிறகு விளக்குக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். மலாக்கியும் தூக்கினான். அப்புறம் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார இடம் தேடினான். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நானும்தான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

வாசலில் ஒரு கேக். அட்ராக்டா வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், தட்டாமலே. டெலியா ஒரு துண்டு தின்றாள். முழுசாக.

மார்ச் 12, புதன்

பம்ப் வீட்டில் விளக்கு எரிகிறது. இரும்புக் குழாய்க்குள் நீலமாக. நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். பொறியாளப் பெண் தானே குழாயில் பிடித்துக் குடித்துக் காட்டினாள். டெலியா இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறாள். இனி எப்போதும் அப்படித்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

எங்கள் வீட்டில் பூசை. நான் எதற்கும் வெள்ளையடிக்கவில்லை. டெலியா நாற்காலியில் இருந்தபடியே எல்லோரையும் ஏவினாள். அட்ராக்டா விடியலிலேயே வந்து ரொட்டி அறுத்தாள். அட்ராக்டாவுக்கும் இப்போது ஒரு மாத்திரை உண்டு; அந்த நேரத்துக்கு டெலியாவே தன் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை, பிறகு பார்த்துச் சிரித்தார்கள்.

மலாக்கி அட்ராக்டாவைக் கொண்டுவந்து விட்டவன், உள்ளே வரவில்லை. காரிலேயே இருந்தான். பூசை தொடங்கி, முடிந்து, தேநீர் ஊற்றியாகிவிட்டது. இன்னும் காரில்தான்.

"ஒரு கப் கொண்டுபோய்க் குடு" என்றாள் டெலியா.

"நானா?"

"வேற யாரு?"

முற்றம் தாண்டிக் கொண்டுபோனேன். கண்ணாடியை இறக்கினான். மெலிந்திருக்கிறான். கையை நீட்டினான், கப்பை வாங்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"தப்புதான், கொல்மன்" என்றான்.

ஆறு மாதம் ஆயிற்று அதற்கு. நான் கப்பை அவன் கையில் வைத்தேன்.

"கொதிச்சதுதான்" என்றேன். "பயப்படாம குடி."