சின்ன அறைக்கு ஒரு வாசகம்

மார்ச் 3
குழந்தைகளின் பகல்நேரக் காப்பகத்தை மூடலாமா என்று நகரசபை 19ஆம் தேதி வாக்கெடுக்கப் போகிறதாம். பெற்றோர் சங்கத்தில் எழுத்து வேலை என்னுடையது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தங்கை போன் செய்தாள். "அக்கா, மூடிட்டா நான் வேலைய விடணும். வேற வழியே இல்ல." ஆய்வகத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுடைய ஒன்றரை வயது மகள் (வீட்டில் எல்லோருக்கும் பூசணி) காப்பகத்தின் சின்ன அறையில் இருக்கிறாள். மூன்று வயதுக்கு மேல் போனால் பெரிய அறை.

மார்ச் 5
"தாய்மார்களின் கண்ணீரைத் துடைப்பீர்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். கண்ணீரைப் பார்த்து இளகிய உறுப்பினர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. குப்பைக்கூடை.

மார்ச் 9
கிடைத்துவிட்டது! நகரசபைத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆகவே: "முதல் வகுப்புக்குத் தயாராக வரும் பிள்ளை." துண்டறிக்கை, பதாகை, பேச்சு எல்லாவற்றிலும் இது ஒன்றுதான். எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மார்ச் 11
காப்பகத்து ஆயாம்மா துண்டறிக்கையை இரண்டு முறை படித்தார். "எல்லாம் பெரிய ரூம் பசங்களா இருக்கே. தவழ்றதுங்களக் காணோமே?"

"ஒண்ணே ஒண்ணச் சொன்னாத்தாம்மா மனசுல நிக்கும்."

"நீங்க படிச்சவங்க," என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 16
நகரசபையில் பேசுவதற்கு ஒத்திகை. தங்கை பூசணியைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். "நல்லாத்தான் பேசுறே. ஆனா நம்ம வாசகத்துக்கு ஒட்டலையே," என்றேன். அவளை எடுத்துவிட்டு, ஐந்து வயது மகள் உள்ள ஓர் அப்பாவைப் போட்டேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் 19
வென்றோம். ஒன்பதுக்கு இரண்டு. தலைவர் என் வாசகத்தை வாய் நிறையச் சொன்னார். பிறகு தீர்மானத்தை வாசித்தார். முதல் வகுப்புக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காகப் பெரிய அறை தொடரும். சின்ன அறை மாதக் கடைசியோடு மூடப்படும்.

தலைவரை வாசலில் பிடித்துக் கேட்டேன். "கைக்குழந்தைக்கு ஏதும்மா முதல் வகுப்பு? நீங்களே அதுங்களுக்காக ஒரு வார்த்த கேக்கலையே," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பாவி. அவர் இல்ல, நான். ஆயாம்மா சொன்னாங்களே! என் காதுல ஏன் ஏறல? யாருக்காக எழுத உக்காந்தேன், என்னத்த எழுதிவெச்சேன்?

மார்ச் 20
சங்கத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்கு. சாப்பிட்டேன்.

மார்ச் 24
சின்ன அறைக்காக மனு கொடுத்தேன். செப்டம்பரில் பரிசீலிப்பார்களாம்.

ஏப்ரல் 2
தங்கை இடுப்பில் பூசணியோடு வந்தாள். ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டுமாம்.

"நீயே எழுதிக் குடுக்கா. உனக்குத்தான் நல்லா வரும்."

குத்தலே இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை.